ஏவிய கோலும் இயற்றிய கையும்

வினையென்பது மனம், மொழி, மெய் என்னும் மூன்றானும் ஈட்டப்படுவது. ஒருவனே நினைந்து, அவனே சொல்லி, அவனே செய்யுமிடத்து அவ்வினை யாருடையது என்னும் ஐயம் எழுவதில்லை. நினைந்து ஏவினவன் ஒருவனாய், கையால் இயற்றினவன் மற்றொருவனாய் நிற்குமிடத்தே ஐயம் தோன்றும். ஏவினவன், "யான் ஒருவரையும் தீண்டிற்றிலேன்" என்பான். இயற்றினவன், "யான் ஏவியது செய்தேன்" என்பான். இருவரும் இங்ஙனம் விலகிக்கொள்ளின், பட்டவன் மேனியிற் புண் மட்டும் நிற்க, அதனைச் செய்தார் ஒருவரும் இலராய் முடியும். இம்முடிபு அறநூற்கும் ஒவ்வாது, உலகியலுக்கும் ஒவ்வாது.

இவ்வினா எல்லாத் தொழிற்கும் உரியதேனும், மருத்துவத்தொழிலிலே மிகக் கூர்மையாய் நிற்கின்றது. படைஞன் வாளொடு வருதலைக் கண்டவன் விலகி ஓடுதல் கூடும். மருத்துவன் கத்தியொடு வருங்கால் நோயாளி தானே கையை நீட்டுகின்றான். மயக்கமருந்தை ஏற்று அறிவிழந்து கிடக்கவும் உடன்படுகின்றான். அறுத்தற்றொழில் கொலைஞற்கும் மருத்துவற்கும் ஒன்றே. அதனைத் தீவினையினின்றும் பிரித்து நல்வினையாக்குவது, அறுக்கப்படுவோன் நலத்தைக் கருதுங் கருத்தொன்றேயாம். அக்கருத்து நீங்கினால் எஞ்சுவது கத்தி மட்டுமே.

திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என்பன அவை. ஈண்டு இரண்டு செய்திகள் உற்றுநோக்கற்பாலன. ஒன்று, நோயுற்றவனே முதற்கண் வைக்கப்பட்டான் என்பது. மற்றொன்று, அந்நான்கனுள் அரசன் எண்ணப்பட்டிலன் என்பது. அரசியலை அத்துணை விரித்துரைத்த ஆசிரியர் அரசனை ஈண்டு மறந்தார் என்றல் பொருந்தாது. தீர்ப்பவன் உற்றவனுக்கு உரியவன் என்பதே அவ்வைப்புமுறையாற் பெறப்படும். உற்றவன் இருந்த இடத்தில் நாடு என்றோ கணக்கு என்றோ பிறிதொன்று வந்து அமருமாயின், மற்றை மூன்று கூறும் பெயரளவில் நிற்குமேனும் மருத்துவம் அன்றே இறந்துபடும். மருத்துவர் பெருங்கொடுமைகளுக்குத் துணைபோன வரலாறுகளை ஆராயுங்கால், அவற்றின் வேர் இவ்விடமாற்றமே என்பது நன்கு விளங்கும்.

அவ்வரலாறுகளுள் தலையாயது ஜெர்மனி நாட்டில் நிகழ்ந்தது. ஹிட்லர் ஆட்சியேறிய 1933-ஆம் ஆண்டிலேயே, ஜூலை 14-ஆம் நாள், பரம்பரைநோய் உடையார் எனப்பட்டோர்க்கு மக்கட்பேறு இல்லாமற் செய்யும் சட்டம் இயற்றப்பட்டது. இன்னார்க்கு அறுவை செய்க என்று தீர்ப்பளித்த மன்றங்களில் நீதிபதி ஒருவரும் மருத்துவர் இருவரும் அமர்ந்தனர். அவ்வாட்சி முடிவதற்குள் சற்றொப்ப 4 இலட்சம் மக்கள் இவ்வாறு அறுக்கப்பட்டனர். அந்நாட்டு மருத்துவருள் ஏறத்தாழப் பாதியளவினர் ஆளுங்கட்சியில் உறுப்பினராய்ச் சேர்ந்தனர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அடுத்து வந்தது கொலை. 1939-ஆம் ஆண்டு தொடங்கி, மனநோய் விடுதிகளில் இருந்தோரைப் பற்றிய படிவங்கள் பெர்லின் நகர்க்கு வருவிக்கப்பட்டன. தேர்வு செய்யும் மருத்துவர்கள் நோயாளியின் முகத்தைக் கண்டாரல்லர், படிவத்தையே கண்டனர். சிவப்பு மையாற் கூட்டற்குறி இட்டால் சாவு. நீல மையாற் கழித்தற்குறி இட்டால் வாழ்வு. ஹாடமார், ஹார்ட்ஹைம் முதலிய ஆறு இடங்களில் நச்சுவாயு அறைகள் அமைந்தன. அவ்வாயுவின் திருகைத் திறப்பது மருத்துவர் கையாகவே இருத்தல் வேண்டும் என்பது அங்கு விதி. இறந்தோர் வீட்டிற்குப் பொய்நோய் ஒன்றனைக் காரணமாக எழுதி மடல் விடுத்தோரும் மருத்துவரே. 1941-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திற்குள் இவ்வாறு மாண்டோர் 70,273 பேர் என அவர்தம் கணக்கே கூறிற்று. மூன்ஸ்டர் நகர்ப் பேராயர் அம்மாதத் தொடக்கத்தில் தம் கோயிலில் வெளிப்படையாகக் கண்டித்துரைத்தார். அதன்பின் வாயுவறை வேலை அங்கு நிறுத்தப்பட்டும், பட்டினியாலும் மருந்தாலும் கொல்லுதல் தொடர்ந்தது. அங்குப் பழகிய கைகளே பின்னர்ப் போலந்து நாட்டுக் கொலைக்களங்களுக்குச் சென்றன. டிரெப்ளிங்கா என்னும் களத்திற்கு முதற்றலைவனாய் அமர்ந்த இர்ம்பிரீட் எபெர்ல் ஒரு மருத்துவன். ஆஷ்விட்ஸ் களத்தில் தொடர்வண்டியினின்றும் இறங்கிய யூதமக்களை நோக்கி, இவர் வேலைக்கு, இவர் வாயுவறைக்கு என்று விரலசைத்துப் பிரித்தோரும் மருத்துவரே. யூதர் 60 இலட்சம் பேரை விழுங்கிய அப்பெருங்கொலை, விடுதிப் படிவத்தில் இட்ட சிறுகுறியிலிருந்து இவ்வாறு வளர்ந்தது.

ஈண்டு ஓர் உண்மை பலரும் அறியாதது. விடுதிக் கொலைக்கு அடிப்படையாக ஹிட்லர் விடுத்த ஓலை, 1939-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாளிடப்பெற்றது. அது மருத்துவரைக் கொல்லுமாறு ஏவிற்றன்று. தேராநோயினர்க்கு "அருட்சாவு" வழங்க, குறித்த மருத்துவர்க்கு உரிமை விரித்தது. அஃதாவது, அவ்வோலை ஏவல் அன்று; இசைவு. கதவு திறக்கப்பட்டது, உட்புகுந்த கால்கள் அவர்தம் கால்களே. கோட்டிங்கன் நகர் மனநோய் மருத்துவப் பேராசிரியர் கோட்பிரீட் எவால்ட் என்பார் 1940-ஆம் ஆண்டு இவ்வேலைக்கு அழைக்கப்பட்டபோது, "இதற்கு உடன்படேன்" என்று மறுத்தார். அவர் அவையினின்றும் அனுப்பப்பட்டார், அதனால் தண்டிக்கப்பட்டாரல்லர். ஹாலந்து நாட்டை ஜெர்மானியர் கைப்பற்றியிருந்த காலத்தில், அந்நாட்டு மருத்துவர் ஆயிரக்கணக்கானோர் ஆள்வோர் அமைத்த மருத்துவர் மன்றத்திற் சேர மறுத்துத் தம் தொழிற்பலகைகளையே மறைத்தனர். அவருட் பலர் சிறைப்பட்டும் ஏனையோர் உறுதி தளர்ந்திலர். ஆகவே, மறுத்தல் இயலாது என்னுங் கூற்று மறுத்தார் வரலாற்றாலேயே மறுக்கப்பட்டது.

அங்ஙனமாயின், கற்றறிந்த மருத்துவர் அத்துணையர் இசைந்தது என்னையெனின், அச்சம் மட்டும் அன்று, ஒரு பொய்க்கருத்தே பெருங்காரணம் என்க. நாடு ஓர் உடம்பு. நோயினரும் வலுவிலரும் அவ்வுடம்பின் அழுகிய உறுப்புக்கள். உறுப்பை அறுத்து உடம்பைக் காத்தல் மருத்துவன் கடன் என்பது அவர்தம் வாதம். நாடு உடம்பு போல்வது என்பது உவமை. உவமையானது ஒத்த பண்பளவிலே நின்றொழிவது. மதிமுகம் என்றதனால் முகத்தில் களங்கம் தேடுவார் இலர். அவ்வுவமையை மெய்யெனக் கொண்டு கத்தியெடுத்ததே அவர் செய்த முதற்பிழை. உடம்பிலே உறுப்புப் பல, உயிர் ஒன்று. விரல் அறுபட்டால் வலி அறிவது விரலன்று, அவ்வோருயிரே. நாட்டிலோ உயிர்கள் எண்ணில. ஒவ்வொன்றும் தன் இன்பதுன்பத்தைத் தானே நுகர்வது. உயிர்கள் பல என்பதும், அவ்வவ்வுயிர்க்கு அதனதன் பொருட்டே தனு கரண புவன போகங்கள் இறைவனால் கூட்டப்பட்டன என்பதும் சைவசித்தாந்தத் துணிபு. ஓருயிர் மலம் நீங்கி உய்தற்குக் கொடுக்கப்பட்ட கருவியாகிய உடம்பை, நாட்டின்பொருட்டு என்று எடுத்துக்கொள்ள வேந்தற்கும் உரிமையில்லை. அவன் ஏவலால் மருத்துவற்கும் உரிமையில்லை.

போர் முடிந்தபின், 1946-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் நூரன்பர்க் நகரில் 23 பேர்மேல் வழக்குத் தொடங்கிற்று. அவருள் இருபதின்மர் மருத்துவர். அரசின் ஆணை, போர்க்கால இன்றியமையாமை என்பன அவர்தம் எதிர்வழக்கில் முன்வைக்கப்பட்டன. 1947 ஆகஸ்டில் 16 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று, எழுவர் தூக்கிலிடப்பட்டனர். அவருள் ஒருவனாகிய கார்ல் பிராண்ட், ஹிட்லரின் சொந்த மருத்துவனாய் இருந்தவன். அத்தீர்ப்பிலே, மனிதரை ஆய்வுக்கு உட்படுத்துதற்குரிய பத்து விதிகள் வகுக்கப்பட்டன. முதல் விதி, உட்படுவோன் தானே விரும்பி இசைதல் இன்றியமையாதது என்பது. உற்றவன் மீண்டும் முதலிடத்தில் வைக்கப்பட்டான் என்பதே அவ்விதியின் பொருளாம். ஜெர்மன் மருத்துவர் பேரவை தன் முன்னோர் குற்றத்தை வெளிப்பட ஒப்பி, பட்டோரிடம் மன்னிப்பு வேண்டியது 2012-ஆம் ஆண்டிலேதான். அதற்கு 65 ஆண்டுகள் சென்றன.

இஃது எங்கோ மேற்றிசையில் நிகழ்ந்ததென்று பாரத நாட்டார் ஆறியிருத்தற்கு இடமில்லை. 1975-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் இந்நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 1977 மார்ச்சு 21 வரை அது நின்றது. அக்காலத்தே மக்கட்பெருக்கத்தைத் தடுத்தற்பொருட்டு மாநிலந்தோறும் அறுவைக்கு இலக்கு வகுக்கப்பட்டது. 1975-76-இல் ஏறத்தாழ 26 இலட்சமாயிருந்த கருத்தடை அறுவை, 1976-77-இல் 81 இலட்சத்தைக் கடந்தது. வகுத்த இலக்கோ 43 இலட்சம் அளவினதே. வடமாநிலங்கள் சிலவற்றில், ஆள் கொணராத ஆசிரியர்க்குச் சம்பளம் நிறுத்தப்பட்டது. ஹரியானா மாநிலத்து உட்டாவர் என்னுஞ் சிற்றூரை 1976 நவம்பரில் காவற்படை விடியுமுன் சூழ்ந்து, ஆடவரைப் பிடித்துச் சென்றது. அவருட் பலர் அறுவைக்கு உட்படுத்தப்பட்டனர். பின்னர் அமைந்த ஷா ஆணையத்தின் அறிக்கை, இவ்வறுவைகள் தொடர்பாக 1,774 சாவுகளையும், மணமாகாதார்க்கு அறுவை செய்ததாக 548 முறையீடுகளையும் குறித்தது.

இவ்விரு நாட்டு நிகழ்ச்சிகளையும் ஒன்றெனக் கூறுதல் நேர்மையன்று. ஜெர்மனியிற் கருதப்பட்டது ஓரினத்தின் அழிவு. இந்நாட்டிற் கருதப்பட்டது வறுமை நீக்கம். அங்குக் கொலை நோக்கமாயிற்று. இங்குச் சாவு கவனக்குறையால் விளைந்தது. இவ்வேற்றுமை பெரிது. எனினும் மருத்துவன் நின்ற நிலை ஒருபுடை ஒத்தலும் மறுத்தற்கரிது. கைப்பிடியாகக் கொணரப்பட்டவனைக் காவலர் பிடித்தனர், அதிகாரி எழுதினார், ஆயினும் நரம்பை அறுத்த கத்தி காவலர் கையில் இல்லை. மேசைமேற் கிடந்தவன் கண்ணில் அச்சத்தைக் கண்டும், அவன் இசைந்தானா என்று வினவாது அறுத்த கை மருத்துவன் கையே. அவன் முன்னே கிடந்தவன் உற்றவன் அல்லன். அன்றைய கணக்கில் ஓர் எண். உலக மருத்துவர் கழகம் டோக்கியோவிற் கூடி, சித்திரவதைக்கும் கொடுமைக்கும் எம்மருத்துவனும் துணைபோகலாகாது என்று அறுதியிட்டதும் அதே 1975-ஆம் ஆண்டு என்பது வியத்தற்குரியது. விதிகள் ஏட்டில் இருந்தன. கைகள் இலக்கை நோக்கின.

இங்ஙனங் கூறவே, சிலர் தடை நிகழ்த்துவர். "பொதுமக்கள் நலத்தின்பொருட்டு அரசு மருத்துவரை ஏவுதல் எங்கணும் உளதன்றோ? சென்னையில் ஈக்காட்டுத்தாங்கலை அடுத்த கிண்டியில் 1899-ஆம் ஆண்டு முதல் நிலவும் கிங் நோய்த்தடுப்பு நிலையம் அரசுடையதன்றோ? அங்கு ஆக்கிய அம்மைப்பால் ஊர்தோறும் குத்தப்பட்டதனாலன்றோ பெரியம்மை இந்நாட்டினின்றும் ஒழிந்தது? அரசின் ஏவல் தீதெனின் அதுவும் தீதாகல் வேண்டுமே" என்பது அத்தடை.

அற்றன்று. அரசன் ஏவினான் என்பதனால் ஒரு செயல் தீதாவதும் இல்லை, நன்றாவதும் இல்லை. அம்மை குத்தப்பட்டவன் தானே அதன் பயனை முதற்கண் எய்துகின்றான். அவன் காக்கப்படுதலாலேயே ஊரும் காக்கப்படுகின்றது. அங்கு உற்றவனும் நாடும் ஒருதிசை நோக்கி நிற்கின்றனர். அதனுள்ளும் சிற்சில இடங்களில் வன்முறை கலந்ததுண்டு; கலந்த அளவிற்கு அதுவும் குற்றமே. கட்டாய அறுவையிலோ, இழப்பு அறுக்கப்பட்டவனுக்கு; பயன் கணக்கெழுதியவனுக்கு. ஆதலின் நோக்கற்பாலது ஏவினவன் யாவன் என்பதன்று. கத்தி யார் நலத்தை நோக்கிற்று என்பதும், அவன் அதற்கு இசைந்தானா என்பதுமேயாம்.

இனி, சமயங் கற்றாருள்ளும் சிலர் வேறொரு தடை கூறுதல் உண்டு. "உயிர்கள் நுகரும் இன்பதுன்பமெல்லாம் அவ்வவற்றின் பிராரத்த வினைப்பயனே. அங்ஙனமாயின், வாயுவறையில் மாண்டோரும் மேசைமேல் அறுபட்டோரும் தத்தம் வினையை நுகர்ந்தனர்; மருத்துவன் அதற்குக் கருவி மாத்திரையே; கருவிக்குக் குற்றம் ஏது?" என்பர். இது கேட்டற்கு இனியதுபோல் தோன்றினும் பெருங்கேடு பயப்பது; சித்தாந்தத்தைக் கொடுமைக்குப் போர்வையாக்குவது.

கருவி என்பது அறிவில்லாதது. கத்தி கருவி, நச்சுவாயு கருவி, படிவத்தில் ஊன்றிய எழுதுகோலும் கருவி. மருத்துவனோ அறிவும் இச்சையும் செயலும் உடைய உயிர். பட்டவனுக்கு அது பிராரத்தமாயினும் ஆகுக; செய்தவனுக்கு அது ஆகாமியமாய் ஏறுதல் தப்பாது. வினைக்கு ஈடாகப் பயனைக் கூட்டுவோன் இறைவன். இன்னார்க்கு இன்ன வினைப்பயன் வந்தது என்று தீர்ப்புரைக்கும் பொறுப்பை அவன் எந்த மருத்துவனிடமும் ஒப்படைத்திலன். பிறன் வினையை அறிந்தவன்போற் கொண்டு தன் வினைக்குச் சாக்குக் கூறுதல் ஆணவத்தின் செயலேயன்றிச் சிவஞானத்தின் செயலன்று. அன்றியும், பிறர் துன்பமெல்லாம் அவர் வினையென்று வாளா இருத்தல் வேண்டுமாயின், நோய்தீர்க்கும் மருத்துவமே வேண்டாததாய் முடியும். நோய் வினையால் வந்ததாயின், அது தீர்க்கும் கை எதிர்ப்படுதலும் வினைவழிப்பட்டதே. அக்கையாய் நிற்பதா, வருத்தும் கையாய் நிற்பதா என்னுந் தெரிவு மருத்துவனுடையது.

திருத்தொண்டர் புராணத்துள், பல்லவ வேந்தன் ஆணையால் நாவுக்கரசர்மேல் ஏவப்பட்ட யானை அவரை வலங்கொண்டு வணங்கிச் சென்றமை யாவரும் அறிந்ததே. ஏவல் யானைக்கும் வந்தது, பாகர்க்கும் வந்தது. பாகர் ஏவலையே நோக்கினர். விலங்கு எதிர்நின்ற அடியாரை நோக்கிற்று. மக்கட்பிறவி எடுத்தார்க்கு அவ்வியானை நிலைக்கும் தாழ்ந்துநிற்றல் தகுமோ என்பதே ஈண்டு எழும் வினா.

குற்றத்திற்குத் தரம் இல்லையென்பதும் கருத்தன்று. ஏவினவன் குற்றம் பலர்மேற் பரந்து நிற்பதாகலின் மிகப் பெரிது. அஞ்சி இயற்றியவன் குற்றம், விரும்பி இயற்றியவன் குற்றத்தினும் சிறிது. சம்பளம் நிறுத்தப்பட்டு, வீட்டில் உலை கொதியாத நாளில் ஆள்தேடி அலைந்த பள்ளியாசிரியனை, பரிசு வேண்டி எண்ணிக்கை மிகுத்த அதிகாரியொடு ஒப்பவைத்தல் நீதியன்று. சிறிதென்பது இல்லையென்பது அன்று என்றறிதலே வேண்டப்படுவது. ஒருவன் குற்றம் மற்றொருவன்மேற் பெயர்த்து வைக்கப்படும் பொருளன்று; ஏவினவனுக்கு முழுதும், இயற்றினவனுக்கு முழுதும், அவரவர் அறிந்த அளவிற்கும் விரும்பிய அளவிற்கும் ஏற்பத் தனித்தனியே அமைவது.

கொடுங்கோலனும் நெருக்கடியும் இல்லாத காலத்தும் இவ்விடமாற்றம் நிகழும் என்பதற்கு 2014-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் சான்றாகின்றது. சத்தீஸ்கர் மாநிலத்துப் பிலாஸ்பூர் அருகே, கைவிடப்பட்டிருந்த ஒரு கட்டடத்தில், சில மணிநேரத்துள் ஒரே மருத்துவர் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார். நாளொன்றுக்கு முப்பதுக்குமேற் செய்யலாகாது என்பது விதி. பதின்மர்க்கு மேற்பட்ட பெண்கள் அடுத்த நாட்களில் மாண்டனர். அவருட் பலர் கைக்குழந்தை உடைய ஏழைத் தாயர். அம்மருத்துவர் அறுவை எண்ணிக்கையின் மிகுதிக்காக அவ்வாண்டிலேயே அரசாற் பாராட்டப்பெற்றவர். அங்கு யாரும் துப்பாக்கி ஏந்தி நின்றாரல்லர். எண் ஒன்றே ஏவிற்று. 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் உச்சநீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்துமாறு தீர்ப்பளித்தது.

இன்னும் சிறிய அளவில் இஃது நாடோறும் நிகழக்கூடும். ஈக்காட்டுத்தாங்கற் பட்டறையொன்றில் இயந்திரத்திற் கைவிரல் நசுங்கிய தொழிலாளி ஒருவன் மருத்துவன்முன் வருகின்றான் என்று கொள்க. காயத்தைச் சிறிதென்று எழுதுக என முதலாளி குறிப்பிக்கின்றார். எழுதினால் இழப்பீடு குறையும், வேலை நிற்காது. அங்கே சிவப்பு மையும் இல்லை, வாயுவறையும் இல்லை. ஓர் எழுதுகோலும் ஓர் ஏழையும் மட்டுமே உளர். ஆயினும் வினா அதுவே: அவன்முன் அமர்ந்திருக்கும் உற்றவன் யாவன்? நசுங்கிய விரலை உடையவனா, கூலி கொடுப்பவனா? இவ்விடத்தே சிறிது பிறழ்ந்து எழுதப் பழகிய கை, பெரிய ஏவல் வருமிடத்து நடுங்காது எழுதும். பெருங்கொடுமைக்கு வேண்டிய கைகள் ஒருநாளில் ஆக்கப்படுவன அல்ல.

ஆகவே மருத்துவங் கற்பிப்போர் உடற்கூற்றொடு இதனையும் கற்பித்தல் வேண்டும்: மறுத்தலும் மருத்துவத்தின் ஒரு பகுதியே என்பது. மக்களுக்கும் ஒரு கடன் உண்டு. அறத்தின்பொருட்டு ஏவலை மறுத்த மருத்துவனை, செவிலியை, கணக்கெழுதுவோனைத் தனியே நிற்கவிட்டுவிட்டுப் பின்னர் மறுத்தார் இலரே என்று வருந்துதல் பயனற்றது. ஹாலந்து மருத்துவர் உறுதியாய் நின்றது தனித்தனியே அன்று. ஒருங்கு நின்றமையாலேயே என்பதை மறத்தலாகாது.

ஏவுங் கோல் காலந்தோறும் மாறும். வேந்தன் ஓலையாய் வரும், கட்சியின் கொள்கையாய் வரும், இலக்காய் வரும், கூலியாய் வரும். அக்கோல் எத்துணை நீண்டதாயினும் நோயாளியின் மேனியைத் தானே தீண்டாது. தீண்டுதற்கு அதற்கொரு கை வேண்டும். அக்கை தன்முன் கிடப்பவனை ஓர் உயிரென்று கண்டு நிற்குமாயின், கோல் அவ்வளவில் நின்றொழியும்.